ஹார்வர்டா, ஒக்ஸ்போர்டா, எம்.ஐ.ரியா: உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகள் எதை அளக்கின்றன?

உலகின் முதலாவது பல்கலைக்கழகம் எது என்ற கேள்விக்கு 2025 ஆம் ஆண்டில் வெளியான மூன்று பெரிய பட்டியல்களும் மூன்று விடை சொல்கின்றன. ஜூனில் வந்த, பிரித்தானிய நிறுவனமான கியூ.எஸ்.ஸின் பட்டியலில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. (மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்). ஓகஸ்டில் வந்த ஷாங்காய்ப் பட்டியலில் ஹார்வர்ட். ஒக்டோபரில் வந்த ரைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் ஒக்ஸ்போர்ட். இது அந்த ஒரு வருடத்துத் தற்செயல் அல்ல. ஷாங்காய்ப் பட்டியல் தொடங்கிய 2003 முதல் ஹார்வர்ட் அதில் முதலிடத்தை விட்டு இறங்கியதே இல்லை. கியூ.எஸ்.ஸில் எம்.ஐ.ரி. தொடர்ந்து 14 தடவை முதலிடம். ரைம்ஸில் ஒக்ஸ்போர்ட் தொடர்ந்து 10 தடவை.

ஒரே உலகத்தை, ஒரே பல்கலைக்கழகங்களைப் பார்த்து மூன்று பேர் வருடக்கணக்காக மூன்று விடை சொல்கிறார்கள் என்றால், அவர்கள் கேட்கும் கேள்வி வேறு வேறாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் யாழ்ப்பாண நகரத்து முகவர் ஒருவர் நீட்டும் துண்டுப்பிரசுரத்தில் "உலகின் முதல் 200 பல்கலைக்கழகங்களுள் ஒன்று" என்று இருந்தால், அந்த வசனம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பட்டியலில், எந்த வருடத்தில், எதற்கான 200 என்று தெரியாதவரை அதில் தகவலும் இல்லை.

பரிசை எண்ணும் ஷாங்காய்

மூன்றிலும் விளங்கிக்கொள்ள இலகுவானது ஷாங்காய்ப் பட்டியல். ஷாங்காய் ஜியாவோ தொங் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கியதன் நோக்கமே, சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் நிற்கின்றன என்று அளப்பது. 2009 முதல் தனி நிறுவனம் ஒன்று வெளியிடுகிறது. யாரிடமும் அபிப்பிராயம் கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களிடமிருந்து ஆய்வுத் தரவும் வாங்குவதில்லை. வெளியே கிடைக்கும் எண்களை மட்டும் எடுக்கிறார்கள்.

நூறு புள்ளி இப்படிப் பிரிகிறது. அங்கே படித்தவர்கள் பெற்ற நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் 10. அங்கே பணியில் இருக்கும்போது பெற்ற அதே பரிசுகளுக்கு 20. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும், அதாவது மற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அதிகம் எடுத்துக்காட்டும், ஆய்வாளர்களின் பட்டியலில் உள்ளவர்களுக்கு 20. 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய இரண்டு சஞ்சிகைகளிலும் வந்த கட்டுரைகளுக்கு 20. சர்வதேச அட்டவணையில் ஏறிய மொத்தக் கட்டுரைகளுக்கு 20. இவை எல்லாவற்றையும் கல்விசார் ஆளணியின் தொகையால் வகுத்து வரும் தலைக்குரிய சராசரிக்கு 10.

பரிசுகளுக்கு வயதும் பார்க்கிறார்கள். அண்மைய பத்தாண்டுப் பரிசுக்கு முழுப் புள்ளி. ஒவ்வொரு பத்தாண்டு பின்னால் போகப் போகப் பத்து வீதம் குறையும். அப்படியும் 1920கள் வரை கணக்குப் போகிறது. இன்றைக்கு ஒருவர் நோபல் பரிசு பெறுவது பெரும்பாலும் இருபது முப்பது வருடத்துக்கு முன் செய்த வேலைக்காக. ஆகவே இந்தப் பட்டியலின் உச்சியில் தெரிவது, கடந்த நூற்றாண்டில் எந்தப் பல்கலைக்கழகத்திடம் ஆய்வுக்குக் காசும் ஆளும் குவிந்திருந்தன என்பதே. 2025 இல் முதல் பத்தில் எட்டு அமெரிக்காவில், இரண்டு இங்கிலாந்தில். முதலாம் வருட இரசாயனவியல் அங்கே எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு இதில் ஒரு புள்ளியும் கிடையாது.

இந்த முறையின் வினோதங்கள் அங்கங்கே வெளிப்படும். லண்டன் பொருளியல் கல்லூரி சமூக விஞ்ஞானத்தில் உலகப் புகழ் பெற்றது, கியூ.எஸ். 2026 பட்டியலில் அதற்கு 56 ஆம் இடம். ஷாங்காயில் 150க்கும் அப்பால். சமூக விஞ்ஞான நிறுவனங்களுக்கு 'நேச்சர்', 'சயன்ஸ்' புள்ளியை விலக்கிக் கணக்குப் பார்த்தும் இந்த நிலை. மறுபக்கம், கலிபோர்னியாவின் கல்ரெக் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 2,400 மாணவர்களை மட்டும் கொண்டது. தலைக்குரிய சராசரி என்ற அந்த 10 புள்ளி அதற்குப் பெரிய தூண். ஐன்ஸ்ரைனின் நோபல் பரிசு யாருக்குச் சேர வேண்டும் என்று பெர்லினின் ஹும்போல்ட் பல்கலைக்கழகமும் சுதந்திரப் பல்கலைக்கழகமும் பிணக்குப்பட்டதும் உண்டு. போருக்கு முந்திய பெர்லின் பல்கலைக்கழகத்தின் வாரிசு தாமே என்று இரண்டும் சொன்னதால் வந்த சிக்கல் அது.

பிரான்சின் பாரிஸ்-சக்லே இன்னொரு பாடம். பல நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவாக்கிய இந்தப் பல்கலைக்கழகம் 2020 இல் முதன்முதலாகப் பட்டியலுக்குள் வந்தபோதே 14 ஆம் இடம். ஆய்வுகூடங்களும் ஆட்களும் முன்னரும் இருந்தவைதான். புதிதாக வந்தது ஒரே பெயர்ப்பலகை. மொத்தத்தை எண்ணும் பட்டியலில் பெரிதாக இருப்பதே ஒரு அனுகூலம்.

பெயர் கேட்டு எண்ணும் கியூ.எஸ்.

யாழ்ப்பாணத்தில் முகவர்களும் விளம்பரங்களும் அதிகம் காட்டுவது கியூ.எஸ். பட்டியலைத்தான். 2004 முதல் ரைம்ஸுடன் சேர்ந்து வெளியிட்டு, பின்னர் பிரிந்து தனியே வருவது. இதன் 2026 பதிப்பின் முதல் பத்து வரிசைப்படி: எம்.ஐ.ரி., லண்டன் இம்பீரியல் கல்லூரி, ஸ்ரான்போர்ட், ஒக்ஸ்போர்ட், ஹார்வர்ட், கேம்பிரிட்ஜ், சூரிச் ஈ.ரி.எச்., சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், லண்டன் யூ.சி.எல்., கல்ரெக். 2026 பதிப்பு என்று பெயர் இருந்தாலும் வெளிவந்தது 2025 ஜூனில். பெயரிலுள்ள வருடம் வெளிவந்த வருடத்தை விட ஒன்று கூட இருக்கும், ரைம்ஸும் அப்படியே. ஷாங்காய் மட்டும் அந்தந்த வருடப் பெயரிலேயே வரும். ஒரே வருடத்துச் செய்திகள் மூன்றை ஒப்பிடும்போது பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

புள்ளிப் பங்கீடு: கல்வியாளரிடையே நற்பெயர் 30, தொழில் வழங்குநரிடையே நற்பெயர் 15, ஆசிரியர் ஒருவருக்கான மேற்கோள்கள் 20, மாணவர்-ஆசிரியர் விகிதம் 10, வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர், சர்வதேச ஆய்வுத் தொடர்பு, பட்டதாரிகளின் வேலைப் பேறு, நிலைபேறு என்ற ஐந்துக்கும் தலா 5.

முதல் இரண்டையும் கூட்டினால் 45. பட்டியலின் ஏறக்குறையப் பாதி, கேட்டறிந்த அபிப்பிராயம். கல்வியாளர் ஒருவருக்கு வினாக்கொத்து வரும். தன் துறையில் சிறந்தவை என்று நினைக்கும் பல்கலைக்கழகங்களில் தன் நாட்டில் 10 வரை, வெளிநாட்டில் 30 வரை குறிக்கலாம். சொந்தப் பல்கலைக்கழகத்தைக் குறிக்க முடியாது. ஐந்து வருட விடைகளைச் சேர்த்து எண்ணுவார்கள். இப்போது ஒரு பேராசிரியர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முப்பது வெளிநாட்டுப் பெயர் எழுதச் சொன்னால் கைக்கு முதலில் வருவது ஏற்கெனவே பட்டியலில் மேலே உள்ள பெயர்கள்தான். போன வருட வரிசை இந்த வருட அபிப்பிராயத்தை உண்டாக்குகிறது. அந்த அபிப்பிராயம் அடுத்த வரிசையை உண்டாக்குகிறது. மேலே உள்ள பெயர்கள் அதிகம் அசையாததற்கு இது ஒரு காரணம்.

வினாக்கொத்து யாருக்குப் போகிறது என்பதிலும் சங்கதி இருக்கிறது. கியூ.எஸ்.ஸுக்குப் பல்கலைக்கழகங்களே தமக்குத் தெரிந்த கல்வியாளர்கள், தொழில் வழங்குநர்கள் ஆகியோரின் பெயர்களை அனுப்பி வைக்கலாம். அனுப்பப்பட்டவர் அனுப்பிய பல்கலைக்கழகத்துக்கே வாக்களிப்பார் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் பட்டியலில் ஏறுவதற்கென்றே தனி அலுவலகம் வைத்து, பெயர்களைத் திரட்டி, வருடாவருடம் தொடர்பு பேணும் பல்கலைக்கழகத்துக்கும், இப்படியொரு வேலை இருப்பதே தெரியாத பல்கலைக்கழகத்துக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும். ரைம்ஸ் அழைப்பின் பேரில் மட்டுமே கருத்துக் கேட்கிறது. பெயர் கொடுத்துச் சேர முடியாது.

அந்த ரைம்ஸ் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கற்பித்தல் 29.5, ஆய்வுச் சூழல் 29, ஆய்வுத் தரம் 30, சர்வதேச நோக்கு 7.5, கைத்தொழில் தொடர்பு 4. உள்ளே 18 அளவுகோல்கள். "கற்பித்தல்" என்ற தலைப்பைப் பார்த்து வகுப்பறையை யாரோ போய்ப் பார்த்ததாக நினைக்க வேண்டாம். அதில் பாதி, அதாவது 15, நற்பெயர்க் கருத்துக்கணிப்பு. மிச்சம் ஆசிரியர் தொகை, கலாநிதிப் பட்டத் தொகை, வருமானம் போன்றவை. ஆய்வு நற்பெயருக்கு இன்னும் 18. இங்கும் மொத்தத்தில் மூன்றில் ஒன்று அபிப்பிராயமே.

நுழைவுக்கு நிபந்தனை உண்டு: ஐந்து வருடத்தில் குறைந்தது 1,000 ஆய்வுக் கட்டுரைகள் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். இளமாணிப் படிப்பும் நடத்த வேண்டும். மருத்துவ ஆய்வில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் இளமாணி வகுப்பு நடத்தாததால் ரைம்ஸ் பட்டியலில் இல்லை. ஷாங்காயில் முன்வரிசையில் நிற்கிறது. தரவு கொடுக்க மறுத்தாலும் ரைம்ஸில் இடமில்லை. பம்பாய், டெல்லி, சென்னை உட்பட ஏழு ஐ.ஐ.ரி.க்கள் (இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்கள்) 2020 இல் கணக்கு முறை வெளிப்படையாக இல்லை என்று சொல்லி விலகின. கியூ.எஸ். 2026 இல் டெல்லி ஐ.ஐ.ரி. 123, பம்பாய் 129, சென்னை 180. ரைம்ஸில் அவற்றைத் தேடிக் காணாதவர், அவை தரம் குறைந்தவை என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை.

எண் ஏன் குதிக்கிறது

2023 ஜூனில் சிட்னிப் பல்கலைக்கழகம் கியூ.எஸ்.ஸில் 41 இலிருந்து 19க்கு ஏறியது. நியூ சவுத் வேல்ஸ் 45 இலிருந்து அதே 19. மெல்பேர்ண் 33 இலிருந்து 14. அமெரிக்காவின் பேர்க்லி 27 இலிருந்து 10. ஒரே வருடத்தில் அவுஸ்திரேலியா முழுவதும் திடீரென்று ஆய்வு பெருகவில்லை. கியூ.எஸ். அந்த வருடம் புள்ளிப் பங்கீட்டை மாற்றியது, அவ்வளவுதான். மாணவர்-ஆசிரியர் விகிதத்துக்கு இருந்த 20 ஐப் பாதியாக்கி, கல்வியாளர் நற்பெயரை 40 இலிருந்து 30க்கு இறக்கி, புதிதாக மூன்று அளவுகோல்களைச் சேர்த்தது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மாணவர்-ஆசிரியர் விகிதத்தில் 100க்கு 90 எடுக்கும் ஒரு சிறிய பல்கலைக்கழகத்துக்குப் பழைய முறையில் அந்தத் தலைப்பால் 18 புள்ளி கிடைத்தது. புதிய முறையில் 9. புதிய நிலைபேற்றுத் தலைப்பில் அது 60 எடுத்தால் கிடைப்பது 3. நிகர இழப்பு 6. பட்டியலின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று அரைப் புள்ளி, கால் புள்ளி இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே 6 புள்ளி போனால் பல பத்து இடம் கீழே போகும். வளாகத்தில் ஒரு கதிரைகூட இடம் மாறியிருக்காது. அந்த வருடம் தென்கொரியாவின் 52 பல்கலைக்கழகங்கள் கூட்டாகக் கியூ.எஸ்.ஸைப் புறக்கணிப்பதாக அறிவித்ததும் இந்த மாற்றத்தால்தான்.

மேற்கோள் எண்ணிக்கையில் வேறு வகைக் குழப்பம் உண்டு. 2010 ரைம்ஸ் பட்டியலில் எகிப்தின் அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகம் 147 ஆம் இடத்தில் தோன்றியது. மேற்கோள் தலைப்பில் மட்டும் உலகில் நாலாவது. அதோடு தொடர்புடைய ஒரே ஆய்வாளர், தானே ஆசிரியராக இருந்த சஞ்சிகையில் எழுதித் தள்ளிய கட்டுரைகளே அந்த எண்ணைத் தூக்கிவிட்டன. சராசரி என்பதன் பலவீனம் இது: கட்டுரைகள் குறைந்த இடத்தில் ஒன்றிரண்டு கட்டுரைகள் போதும், முழு நிறுவனத்தையும் உயர்த்த. நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதும் பௌதிகவியல், உலக நோய்ச்சுமைக் கட்டுரைகளிலும் இதே விளைவு வந்தது. ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அக்கட்டுரைக்கு வரும் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் சராசரியில் வந்து விழும். ரைம்ஸ் 2015 முதல் இதை அடைக்கப் பார்த்தது: ஆயிரம் பேருக்கு மேல் எழுதியதை முதலில் விலக்கி, பின்னர் பங்கு பிரித்து எண்ணியது. 2024 பதிப்பில் அந்தச் சராசரிக்கு இருந்த 30 வீதத்தை 15 ஆக்கி, ஒரு சில கட்டுரைகளால் அசைக்க முடியாத வேறு அளவுகோல்களைச் சேர்த்தது.

தரவைப் பல்கலைக்கழகமே கொடுக்கும் இடத்தில் தரவே பிழையாகவும் வரலாம். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அமெரிக்க உள்நாட்டுப் பட்டியல் ஒன்றில் இரண்டாம் இடத்தில் இருந்தது. 2022 தொடக்கத்தில் அதன் சொந்தக் கணிதப் பேராசிரியரே, வகுப்பு அளவு முதலிய எண்கள் உண்மைக்குப் பொருந்தவில்லை என்று பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். அவ்வருடச் செப்ரெம்பரில் அது 18க்கு இறங்கியது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் 2023 இலும், சுவிற்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகம் 2024 இலும் ரைம்ஸுக்குத் தரவு கொடுப்பதை நிறுத்தின. பாரிசின் சொர்பொன் 2026 முதல் நிறுத்துவதாகச் சொன்னது.

அப்படியானால் முதல் வரிசையும் பொய்யா? இல்லை. எம்.ஐ.ரி., ஹார்வர்ட், ஸ்ரான்போர்ட், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஐந்தும் மூன்று பட்டியலிலும் முதல் ஆறுக்குள் வருகின்றன. வேறு வேறு தராசில் போட்டும் அதே பெயர்கள் மேலே வருவது வெறும் கணக்குவித்தை அல்ல. ரொறன்ரோப் பல்கலைக்கழகம் மூன்றிலும் 20க்கும் 30க்கும் இடையே நிற்கிறது, அதையும் நம்பலாம். மூன்று பட்டியலும் ஒத்துப்போகும் இடத்தில் எண்ணுக்குக் கனம் உண்டு. ஒன்றில் 180 ஆகவும் இன்னொன்றில் 600க்கு அப்பாலும் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்த 180 ஒரு விளம்பர எண் மட்டுமே. ஷாங்காய் 100க்குப் பிறகும் ரைம்ஸ் 200க்குப் பிறகும் தனி இடம் கொடுப்பதை விட்டு 101-150, 201-250 என்று கட்டம் கட்டமாகப் போடுவதும், அதற்குக் கீழே ஒவ்வொரு இடமாகப் பிரிக்கத் தங்கள் அளவுகோலுக்கே கூர்மை போதாது என்ற ஒப்புதல்தான்.

திருநெல்வேலியிலிருந்து பார்த்தால்

இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பேராதனை ரைம்ஸின் 2020 பதிப்பில் 401-500 கட்டத்தில் வந்தபோது நாடே கொண்டாடியது. பொதுவாக இலங்கைப் பெயர்கள் வருவது அதற்கு மிகக் கீழே. உள்ளூர்ப் பத்திரிகைகளில் "இலங்கையில் இத்தனையாம் இடம்" என்று வரும் செய்திகளில் பல, ஸ்பெயினிலிருந்து 2004 முதல் வந்த வெபோமெற்றிக்ஸ் பட்டியலை வைத்து எழுதப்படுபவை. அதில் பாதிப் புள்ளி பல்கலைக்கழக இணையத்தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு. இணையத்தளத்தை ஒழுங்காக வைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண்ணைப் படிப்பின் தரமாக வாசிக்கக் கூடாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது. போர், இடப்பெயர்வு, ஆளணி வெளியேற்றம் எல்லாவற்றுக்கும் ஊடாக வந்தது. இப்படியொரு நிறுவனம் இந்தப் பட்டியல்களில் ஏறத் தடையாக நிற்பவை எவை என்று பார்த்தால் மூன்று. முதலாவது காசு: ஆய்வு வருமானம், வெளிநாட்டு ஆசிரியர், வெளிநாட்டு மாணவர் என்ற தலைப்புகளில் எடுக்கக்கூடிய புள்ளி ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாவது மொழி. ஸ்கோபஸ் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளின் அட்டவணை. தமிழ் இலக்கியம், சைவசித்தாந்தம், நாட்டாரியல், ஈழத்து வரலாறு என்று தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் அதில் ஏறுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் யாழ். பல்கலைக்கழகக் குழுவினர் கண்டெடுத்த பிராமி எழுத்து முத்திரை, வடபகுதி வரலாற்றை எழுதும் விதத்தையே மாற்றியது. மேற்கோள் எண்ணிக்கையில் அதன் நிறை மிகச் சொற்பம். மூன்றாவது, ஆய்வின் பொருள். வலிகாமத்துச் சுண்ணக்கல் நீர்ப்படுகையில் உரத்தால் கூடும் நைத்திரேற்றுப் பற்றிய ஆய்வு இங்குள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் தேவை. அதை மேற்கோள் காட்டப் போகும் வெளிநாட்டு ஆய்வாளர் எத்தனை பேர்?

தமிழியல் படிக்க விரும்புகிறவருக்கு இந்தப் பட்டியல்கள் இன்னும் பயனற்றவை. புலம்பெயர்ந்தோரின் நன்கொடையால் ஹார்வர்டிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோ வளாகத்திலும் தமிழ் இருக்கைகளுக்கு நிதி சேர்ந்தது. ரொறன்ரோவுக்குத் திரட்டியது 30 இலட்சம் கனடிய டொலர். வரிசையில் முதல் முப்பதுக்குள் நிற்கும் பிற பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் தமிழுக்கென்று ஒரு விரிவுரையாளர்கூட இல்லை.

காசு கட்டுவதற்கு முன்

துண்டுப்பிரசுரத்தில் எண் இருந்தால் முதலில் பட்டியலின் முழுப் பெயரைக் கேளுங்கள். ரைம்ஸ் 2019 இலிருந்து 'தாக்க' வரிசை என்று ஒன்றை நடத்துகிறது. அது ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் சான்றுகளை மதிப்பிடுவது. விரும்பித் தரவு அனுப்பியவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். அதில் 100க்குள் வந்த பல்கலைக்கழகம் முதன்மைப் பட்டியலில் 1,000க்கு அப்பால் இருக்கலாம். 'கியூ.எஸ். ஐந்து நட்சத்திரம்' என்பது வரிசையே அல்ல. பல்கலைக்கழகம் கட்டணம் கட்டிச் செய்விக்கும் மதிப்பீடு. ஆசிய வரிசை, இளம் பல்கலைக்கழக வரிசை என்று வேறும் உண்டு.

அடுத்து, பாட வரிசையைத் திறவுங்கள். கியூ.எஸ். 50க்கு மேற்பட்ட பாடங்களுக்குத் தனித்தனிப் பட்டியல் போடுகிறது, ஷாங்காயும் அப்படியே. நெதர்லாந்தின் வாகனிங்கன் கியூ.எஸ். மொத்த வரிசையில் 150 ஐச் சுற்றி நிற்கும் பல்கலைக்கழகம். விவசாயத்தில் பல வருடம் உலகின் முதலாவது. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் படித்துவிட்டு முதுமாணிக்கு இடம் தேடுபவர் மொத்த வரிசையை மட்டும் பார்த்தால் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அதைவிட முக்கியம் அங்கீகாரம். இதற்கும் தரவரிசைக்கும் தொடர்பே இல்லை. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர், சேரும் முன்னரே அந்தக் கல்லூரி இலங்கை மருத்துவப் பேரவையின் அங்கீகாரம் பெற்றதா, தன் உயர்தரப் பெறுபேறு பேரவை கேட்கும் குறைந்தபட்சத் தகுதிக்கு எட்டுகிறதா என்று பேரவையிடமே பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் பதிவுக்கு முன், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சையும் உண்டு. இவற்றில் ஒன்று பிழைத்தால், பல்கலைக்கழகம் உலகில் எத்தனையாவதாக இருந்தாலும் இங்கே வைத்தியராக முடியாது. பொறியியலில் பார்க்க வேண்டியது, உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியற் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வொஷிங்ரன் உடன்படிக்கை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இலிருந்து அதில் முழு உறுப்பினர். மற்றப் பட்டங்களுக்கு, அரச வேலை நோக்கம் இருந்தால், மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பல்கலைக்கழகமா என்று உறுதிப்படுத்த வேண்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தனியார் நிறுவனம் ஒன்றில் இருந்து பிரித்தானியப் பட்டம் எடுப்பதாக இருந்தால், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிடப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரசுரத்தில் உள்ள இலக்கம் தாய் வளாகத்துடையது; அங்குள்ள ஆசிரியர்களும் ஆய்வுகூடமும் கூடவே வருவதில்லை.

வரிசை நேரடியாகப் பயன்படும் ஒரு இடம் உண்டு: விசா. பிரித்தானியா 2022 மே மாதம் தொடங்கிய உயர்திறனாளர் விசாவுக்கு, பிரித்தானியாவுக்கு வெளியே, மூன்று பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50க்குள் இருந்த பல்கலைக்கழகத்தின் பட்டம் தேவைப்பட்டது. 2025 நவம்பரில் அதை 100 வரை விரித்தார்கள். பட்டம் பெற்ற வருடத்துக்குரிய பட்டியலைத்தான் பார்ப்பார்கள். விண்ணப்பிக்கும் வருடத்தினது அல்ல.

கடைசியாகக் கட்டணம். வரிசையில் மேலே போகப் போகச் செலவு கூடும் என்று நினைப்பது சரியல்ல. சூரிச் ஈ.ரி.எச். கியூ.எஸ். 2026 இல் ஏழாவது. 2025 இலையுதிர்காலத்தில் வெளிநாட்டவருக்குக் கட்டணத்தை மூன்று மடங்காக்கிய பிறகும் ஒரு அரையாண்டுக்கு 2,190 பிராங்க்தான். அதன் இளமாணி வகுப்பு ஜெர்மன் மொழியில் என்பதும் சுவிஸ் வாழ்க்கைச் செலவும்தான் தடை. முதுமாணிக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் போதும். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இன் இறுதியிலிருந்து 2,000 முதல் 6,000 யூரோ வரை. கட்டணம் இல்லாவிட்டாலும் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) மாதம் 992 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். விண்ணப்பங்கள் பல இங்கேதான் நின்றுவிடுகின்றன.

எம்.ஐ.ரி., ஹார்வர்ட், பிரின்ஸ்ரன், யேல் உட்பட ஒரு சில அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவரைக்கூடக் குடும்ப வசதி பாராமல் தெரிவுசெய்து, தெரிவானவருக்குத் தேவையான முழுத் தொகையையும் தாமே தருகின்றன. இடம் கிடைத்தால் கொக்குவிலில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எம்.ஐ.ரி., வரிசையில் 800 ஆவதாக நிற்கும் பல்கலைக்கழகத்தை விட மலிவாக முடியும். கிடைப்பதுதான் கடினம்: விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, வெளிநாட்டவருக்கு அதிலும் குறைவு. எஸ்.ஏ.ரி. பரீட்சை, ஆசிரியர் பரிந்துரைக் கடிதங்கள், பெற்றோரின் வருமான விபரம் எல்லாம் தேவைப்படும், விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே அதற்கு முந்திய வருட நடுப்பகுதியிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும்.

கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு. அமெரிக்காவில் விஞ்ஞான, பொறியியல் துறைகளில் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணமும் தள்ளுபடியாகி உதவித்தொகையும் கிடைக்கும். அங்கே மேற்பார்வையாளர் யார், அவரிடம் நிதி இருக்கிறதா, அவருடைய முன்னைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற நாலும்தான் பார்க்க வேண்டியவை. இவை எந்தப் பட்டியலிலும் இல்லை. அந்த ஆய்வுகூடத்தின் பக்கத்தில் பழைய மாணவர்களின் பெயர்கள் இருக்கும். இரண்டு மூன்று பேருக்கு மின்னஞ்சல் எழுதினால் ஒருவராவது பதில் போடுவார்.